ஜிப்சியா, ஜிம்னியா, தாரா? கேட் தூணை அளந்த பிறகு

என் மனைவியின் தம்பிக்கு ஏற்காட்டில் நாகலூர் தாண்டி உள்ளே மூன்றரை ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. இத்தனை நாள் தாத்தா காலத்து ஜீப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அதன் பூஷோ டீசல் எஞ்சின் போன மழையோடு மூச்சை விட்டுவிட்டது. போன மாதம் போன் பண்ணி, "மாமா, மஹிந்திரா தார் எடுத்துடலாம்னு இருக்கேன், நீங்க என்ன சொல்றீங்க?" என்றான். எடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணிவிட்டுக் கேட்கிறவனிடம் என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வருகிறேன், இருபத்தைந்து அடி டேப் ஒன்று எடுத்து வை மாப்ள என்று மட்டும் சொன்னேன்.

ஏன் டேப் என்றால், இந்த மாதிரி வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் குதிரைத்திறன், கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி), டயர் சைஸ் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சேர்வராயன் மலையில் தோட்டம் வைத்திருக்கிறவனுக்கு முதல் கேள்வி அகலம். தார் ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் கல் கட்டு, மறுபக்கம் சில்வர் ஓக் மரங்கள், நடுவில் அந்தக் காலத்து ஜீப்புக்கு வெட்டிய பாதை. எதிரே இன்னொரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

மாப்ளையின் தோட்ட கேட்டில் இரண்டு கல் தூண். நடுவே அளந்தோம், 6 அடி 4 அங்குலம். அதாவது 1,930 மி.மீ. தாரின் அகலம் கண்ணாடியைச் சேர்க்காமல் 1,820. கண்ணாடியை மடக்கிக்கொண்டு நூல் பிடித்த மாதிரி நுழைந்தாலும் பக்கத்துக்கு ஐந்தரை சென்டிமீட்டர்தான் மிச்சம், மூன்று விரல் கனம். தாருக்குப் பதிலாக யோசிக்கக்கூடிய மாருதி ஜிம்னி 1,645, பக்கத்துக்குப் பதினாலு சென்டிமீட்டர். பழைய மாருதி ஜிப்சி 1,540, பக்கத்துக்குப் பத்தொன்பதரை. அதுவும் கேட்டுக்கு முன்னால் பாதை நேராக வந்தால்தான் இந்தக் கணக்கு. அங்கே பாதை வலது பக்கமாகத் திரும்பிக்கொண்டே உள்ளே நுழைகிறது. மாப்ள கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

தாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 2020 அக்டோபர் 2-ஆம் தேதி புதுத் தார் வந்தபோது, இந்த ஊரில் இப்படி ஒரு வண்டியா என்று வாய் பிளந்தவர்களில் நானும் ஒருவன். 2.2 லிட்டர் டீசலில் 130 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை), 226 மி.மீ கிரவுண்ட் கிளியரன்ஸ். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 ஸ்டார் வாங்கியது. சேலத்திலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ நெடுஞ்சாலையில் போனால் மூன்றிலும் இதுதான் ராஜா. ஆனால் எடை 1,700 கிலோவுக்கு மேல். ஈரச் செம்மண்ணில் எடை கூடக் கூட வண்டி புதையும், சரிவில் பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்தால் நிற்காது. இதை வீடியோ பார்த்தெல்லாம் தெரிந்துகொள்ள முடியாது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிப் பார்த்தால்தான் தெரியும்.

தார் எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023-இல் வந்த 1.5 லிட்டர் டீசல் தார் பின் சக்கரத்தில் மட்டும் ஓடுகிற வண்டி. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோது நாலு மீட்டருக்குள் 1,500 சிசி வரைக்கும் உள்ள டீசலுக்கு 18 சதவீதம் என்று ஆகிவிட்டதால் அதன் விலை நன்றாக இறங்கியது. பார்க்க அச்சு அசல் தார்தான், விலையும் இழுக்கும். தோட்டத்துக்கு என்று அதை எடுத்தால், மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்காரர் போன் நம்பரையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்னிக்கு இந்தச் சலுகை பெரிதாகக் கிடைக்கவில்லை. பெட்ரோலுக்கு வரம்பு 1,200 சிசி, ஜிம்னி 1,462 சிசி, அதனால் 40 சதவீதத்தில் போய் உட்கார்ந்தது. நாலு மீட்டருக்குள் இருக்கிற சின்ன வண்டிக்கு இப்படி ஒரு வரி! என் வயிற்றெரிச்சல், விடுங்கள்.

ஜிம்னி 2023 ஜூனில் 12.74 லட்சத்துக்கு வந்தது, மேலே 15.05 லட்சம் வரை. வந்தபோது இங்கே எல்லோரும் திட்டினார்கள், இவ்வளவு குட்டி வண்டிக்கு இவ்வளவு விலையா என்று. அதே ஐந்து கதவு ஜிம்னியை இங்கிருந்து ஜப்பானுக்கு நோமேட் என்ற பெயரில் அனுப்பியபோது, 2025 தொடக்கத்தில் சில நாளிலேயே 50,000 பேர் முன்பதிவு செய்து, சுசுகியே போதும் போதும் என்று பதிவை நிறுத்த வேண்டி வந்தது. நம் ஊரில் விலைக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்று பார்க்கிறோம், அங்கே என்ன வேலை செய்யும் என்று பார்த்தார்கள் போல.

வேலை என்று பார்த்தால், 105 குதிரைத்திறன் பெட்ரோல், 134 டார்க், ஐந்து கியர் மேனுவல் அல்லது நாலு கியர் ஆட்டோமேட்டிக், முன்னும் பின்னும் திட ஆக்சில், நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங், எல்லா மாடலிலும் லோ கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது) உள்ள நாலு வீல் டிரைவ். எடை 1,200 கிலோ சொச்சம். ஒரு சக்கரம் காற்றில் தொங்கிச் சுற்றினால் அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, இழுவையை மற்றதுக்குத் திருப்பிவிடுகிற ஏற்பாடும் இருக்கிறது. குறை என்றால் இரண்டு. ஒன்று, எஞ்சினுக்கு மலையில் மூச்சு வாங்கும். ஏசி போட்டுக்கொண்டு நாலு பேரோடு ஏற்காடு ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள். இன்னொன்று, ஐந்து கதவுக்காக நீட்டியதில் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், 2,590 மி.மீ ஆகிவிட்டது, மேடு தாண்டும்போது வயிறு இடிக்கும். ஜிப்சிக்கு அது 2,375 தான். பின்னால் இடமும் 208 லிட்டர், இரண்டு மூட்டை காபிக்கொட்டை வைத்தால் முடிந்தது, மேற்கொண்டு வேண்டுமென்றால் சீட்டை மடக்க வேண்டும்.

அடுத்து ஜிப்சி. 1985 டிசம்பரில் வந்து 33 வருஷத்துக்கும் மேல் ஓடிய வண்டி. முதலில் ஒரு லிட்டர் எஞ்சின், 1996-இல் 1.3 லிட்டரோடு ஜிப்சி கிங், 2000-இல் எம்பிஎப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சித் தருகிற ஏற்பாடு), 80 குதிரைத்திறன். ராணுவமும் போலீஸும் பாதி தேசத்தை அதில்தான் சுற்றினார்கள். எடை ஒரு டன்னுக்குப் பக்கத்தில், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்குப் பிளேட்டு. சேலத்தில் லாரி பிளேட்டு அடிக்கிற எந்தப் பட்டறையிலும் அதைச் சரி பண்ணிவிடலாம், அதுதான் அதன் பெரிய பலம். பலவீனங்களைச் சொன்னால் பட்டியல் நீளும். ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, பெரும்பாலான வண்டியில் ஏசி கிடையாது, ஏப்ரல் மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு சேலம் ஐந்து ரோடு சிக்னலில் ஜிப்சியில் நின்று பாருங்கள், பூர்வ ஜென்மத்துப் பாவம் எல்லாம் கழியும்.

நான் ஒன்பது வருஷம் ஜிப்சி வைத்திருந்தேன், அதனால் இங்கே கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன். பழைய ஜிப்சி வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், கீழே படுங்கள். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில் சேஸைக் குத்திப் பாருங்கள், ஓட்டுநர் காலடித் தகரத்தைக் குத்திப் பாருங்கள், டப்பென்று உள்ளே போனால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் ஒரு மண் தரையில் நாலு வீல் போட்டு, லோவில் போட்டு, முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லுங்கள். எனக்கு விற்றவர் "அதெல்லாம் சூப்பரா இருக்குதுங்க" என்றார், நானும் நம்பி லோ போட்டுப் பார்க்காமலே ஓட்டி வந்தேன். லோவில் போட்டால் லிவர் வெளியே துள்ளி வந்துவிடும் என்பது முதல் மழையில்தான் தெரிந்தது. டிரான்ஸ்பர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தருகிற கியர் பெட்டி) பிரித்து மாட்ட ஆன செலவில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம்.

விலை மலிவாக இருக்கிறதே என்று டெல்லிப் பக்கத்து வண்டியைக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. அங்கே பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம், டீசலுக்கு 10 என்று கட்டுப்பாடு வைத்ததால் தெற்கே தள்ளிவிடுகிறார்கள். என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே மறுபதிவு செய்யும்போது தமிழ்நாட்டு வரியையும் கட்ட வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய கார் என்றால் ஆர்சியைப் புதுப்பிக்க 5,000 ரூபாய், இருபது வருஷம் தாண்டினால் 2025-லிருந்து 10,000, அதற்கு மேல் பசுமை வரி. ராணுவ ஏலத்து வண்டி என்றால் காகிதம் முழுசாக இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

இந்த மூன்று வண்டிக்கும் பொதுவான விஷயம் ஒன்று. மூன்றுமே தேவைப்படும்போது மட்டும் நாலு வீல் போடுகிற வகை. முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிபரென்ஷியல் நடுவே கிடையாது, முன்னும் பின்னும் ஒரே ஷாஃப்டில் பூட்டின மாதிரி. வளைவில் முன் சக்கரம் ஓடுகிற தூரம் வேறு, பின் சக்கரம் ஓடுகிற தூரம் வேறு, மண்ணாக இருந்தால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது, அதனால் ஸ்டியரிங் இறுகி, வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி திணறும், கடைசியில் ஆக்சிலுக்குள் இருக்கிற கிரவுன் கியரோ டிரான்ஸ்பர் கேஸோ பாழாகும். ஏற்காடு மலைப்பாதையில் கெத்துக்காக 4எச் (நாலு வீல், சாதாரண கியர்) போட்டு ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தோட்டத்துப் பாதைக்கு. தார் ரோட்டில் இறங்கும்போது வேண்டியது இரண்டாவது கியரும் பொறுமையும்தான். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கி வந்து அடிவாரத்தில் தீய்ந்த வாடையோடு நிற்கிற கார்களில் நாலு வீல் வண்டிகளும் இருக்கின்றன.

லோ கியருக்கு உண்மையான வேலை ஏற்றத்தைவிட இறக்கத்தில். காபிப் பழம் பறிக்கிற சமயமும் வடகிழக்கு மழையும் ஒன்றாகத்தான் வரும். ஈரமான சரிவில், மூட்டை ஏற்றிய வண்டியை, லோவில் முதல் கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் நடை வேகத்தில் இறக்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி பலகை மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயலில் மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்களே, அந்த வாரம் தோட்டத்துக்குள் பழைய ஜீப் போய் வந்தது இந்த ஒரு வித்தையால்தான்.

இப்போது மாடிபிகேஷன். மாப்ளையின் உண்மையான ஆசை இதுதான் என்று எனக்குத் தெரியும். வண்டி எடுக்கும் முன்பே போனில் பம்பர் படம், ஸ்னார்கல் படம், கூரை மேல் லைட் பட்டை என்று சேர்த்து வைத்திருக்கிறான். ஸ்னார்கல் எஞ்சினுக்குக் காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுப்பதற்கு, ஆழமான தண்ணீரைக் கடக்கிறவர்களுக்கு. சேர்வராயன் மலையில் எந்த ஆற்றைக் கடக்கப் போகிறாய் மாப்ள, ஏற்காடு ஏரியிலா இறங்கப் போகிறாய் என்றேன். சிரித்தான், ஆனால் படத்தை அழிக்கவில்லை.

நானும் இதே பைத்தியத்தில் இருந்தவன். ஜிப்சியில் ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே தூக்கி மாட்டினேன், பெரிய மட் டயர் போட்டேன், முன்னால் இரும்பு பம்பர். போட்டோவில் பார்த்தால் சிங்கம். ரோட்டில் எடுத்தால் எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் ஆடும், டயர் சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்காது, மட் டயரின் பெரிய கட்டைகளுக்கு ஈரத் தார் ரோட்டில் பிடிப்பு குறைவு. ஒரு நவம்பர் சாயங்காலம், லேசான தூறல், இறக்கத்தில் கொண்டை ஊசியில் திருப்பினேன், ஸ்டியரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. ஓரக் கல் தடுப்பில் பின் சக்கரம் உரசி நின்றது. பள்ளத்தை எட்டிப் பார்த்த என் மனைவி வீடு வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த அமைதிதான் எனக்கு அதிகமாகப் பயமாக இருந்தது. அப்புறம் ஆர்சி புதுப்பிக்கப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை, தூரத்திலிருந்தே "கம்பெனி எப்படிக் கொடுத்தானோ அப்படிக் கொண்டு வாங்க" என்றார். மாட்டிய செலவு ஒரு தடவை, கழற்றிய செலவு இன்னொரு தடவை.

அவர் சொன்னதில் தப்பில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது, 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கேரள வழக்கு ஒன்றில் கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பு கொடுத்தது. அதே வருஷத் திருத்தத்தில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, அல்லது இரண்டும் சேர்த்தோ என்று வந்தது. முன்னால் மாட்டுகிற இரும்புக் குழாய்த் தடுப்பான புல் பார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இதற்குக் காரணமும் இருக்கிறது: மோதும்போது முன் பக்கம் நசுங்கி அடியை வாங்க வேண்டும், ஏர்பேக் சரியான நேரத்தில் வெடிக்க வேண்டும், இரும்புக் குழாய் இரண்டையும் கெடுத்துவிடும். ஜிப்சிக்கு டீசல் எஞ்சின் மாற்றிவிட்டு ஆர்சி புக்கில் பெட்ரோல் என்றே வைத்து ஓட்டுகிறவர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் எதைப் பார்ப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரிய டயரின் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். ஜிம்னிக்கு வருவது 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ. எல்லோரும் ஆசைப்படுகிற 235/75 ஆர்15 போட்டால் 733. நாற்பது மி.மீ கூடுகிறது, தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, வெறும் இரண்டு சென்டிமீட்டர். அதற்கு விலையாக ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் குறைத்துக் காட்டும், ஏற்கெனவே மூச்சு வாங்குகிற எஞ்சினுக்குக் கியர் இன்னும் கனமாகும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

எதுவும் செய்யாதே என்று சொல்லவில்லை. அதே சைஸில் நல்ல ஏடி (ஆல் டெரைன்) டயர் போடலாம், மண்ணிலும் ஓடும், தார் ரோட்டிலும் பிடிக்கும். கூடவே காற்றுப் பம்ப் ஒன்றும் பிரஷர் கேஜ் ஒன்றும். சகதியில் இறங்கும் முன் காற்றை இருபது பிஎஸ்ஐ பக்கம் இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து கிடைக்கிற பிடிப்பு, எந்த ஆக்சசரி கடையிலும் கிடைக்காது. தார் ரோட்டுக்கு ஏறும் முன் திரும்ப நிரப்பிவிட வேண்டும், அது முக்கியம். அடியில் டேங்கையும் டிரான்ஸ்பர் கேஸையும் கல்லிலிருந்து காக்க ஒரு தகடு. நல்ல இழுவைப் பட்டையும், அதை மாட்டுகிற ஷாக்கிள் வளையமும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் கூரை மேல் எல்ஈடி பட்டை போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், எதிரே வருகிறவனுக்கு அதுவும் தெரியாது.

இன்னொன்று, வண்டி கையில் வந்ததும் காட்டுக்குள் விடலாம் என்று நினைப்பவர்களுக்கு. இந்த மலையைச் சுற்றிக் காப்புக்காடு நிறைய. அனுமதியில்லாமல் வண்டியோடு நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடும், போட வேண்டும். ஆசைக்கு ஓட்ட உங்கள் தோட்டமோ தெரிந்தவர் தோட்டமோ போதும்.

என் கணக்கு இப்படிப் போகிறது. வாரம் ஒரு தடவை சேலத்திலிருந்து ஏறி இறங்கணும், பிள்ளைகளும் வருவார்கள், தோட்டத்துக்குள்ளும் போகணும், ஒரே வண்டிதான் என்றால் ஜிம்னி, மேனுவல், டயரைத் தவிர வேறு எதையும் தொடாமல். வீட்டில் வேறு கார் இருக்கிறது, இது தோட்டத்தை விட்டு வெளியே அதிகம் வராது என்றால் துருப்பிடிக்காத ஜிப்சி, வாங்குகிற விலைக்கு மேல் லட்ச ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு. பிள்ளைகளை அதில் பெங்களூருக்கு ஏற்றிப் போவதாக இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாதை அகலமாக இருக்கிற தோட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்றால் நாலு வீல் டீசல் தார். ஃபோர்ஸ் கூர்க்காவையும் கேட்டான், முன்னும் பின்னும் டிபரென்ஷியல் லாக் உள்ள அருமையான வண்டி, தாரைவிட அகலம், அந்த கேட்டோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாப்ள இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணினான். "மாமா, தூணை இடிச்சு ஒரு அடி தள்ளிக் கட்டிட்டா?"

"கட்டலாம் மாப்ள. உள்ளே திருப்பத்துல இருக்கிற பலா மரத்தை?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அது அவன் தாத்தா வைத்த மரம், வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கும் இரண்டு பழம் வரும். இந்த ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் ஜிம்னியை இரவல் வாங்கிக்கொண்டு தோட்டம் வரை ஓட்டிப் பார்ப்பதாக இருக்கிறோம். டேப்பைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.